அறுபது எழுத்துக்கு அப்பால்

தேவராஜ் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவன் நான்.

என் கண்ணால் கண்டதையும் என் கையால் செய்ததையும் மட்டுமே இங்கே எழுதுவேன். ஊகத்தை உண்மைபோல் அடுக்கிய ஒரு விசாரணையில்தான் ஒரு மனிதன் வேலையிழந்தான். அதே பிழையை இங்கும் செய்ய எனக்கு உரிமையில்லை.

தமிழ் இலக்கியம் படித்துவிட்டுக் கணினி நிரல் எழுத வந்தவன் நான். கல்மண்டபத்தில் ஒரு சிறிய அலுவலகம். ஜாவா நிரல் ஓடும் கைபேசிகள் வந்த புதிது. திருவொற்றியூரில் இருந்த ஒரு சரக்குப் பெட்டக முற்றத்திற்காக, கிரேன் பழுதுகளைக் கைபேசியிலிருந்து பட்டறைக்கு அனுப்பும் நிரலை எழுதினேன்.

பட்டறைத் திரையில் ஒவ்வொரு செய்தியும் ஒரே வரியில் நிற்க வேண்டும் என்று விரும்பினேன். யார் கேட்டார்கள்? எவரும் கேட்கவில்லை... நீண்ட வரி மடிந்து அடுத்த வரிக்கு வழிவது என் கண்ணுக்கு அருவருப்பாக இருந்தது. செய்திக்கு அறுபது எழுத்து என்று வரம்பு வைத்தேன். அதற்குமேல் தட்டினால் எழுத்து ஏறாது.

முற்றத்தின் பழக்கம் எனக்குத் தெரியாததன்று. வாக்கிடாக்கியில் கத்திப் பழகியவர்கள் அவர்கள். முதலில் பெயர், பிறகு ஷிப்ட், கிரேன், வரிசை. சங்கதி கடைசியில்தான் வரும். கைபேசியிலும் அப்படியே, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினார்கள்.

கிரேன்களைச் சோதிக்கும் தேவராஜ்தான் முதலில் குறை சொன்னார். வியாசர்பாடிக்காரர்.

“இன்னா சார் இது, பேஜாரா கீது. மேட்டரு வர்றதுக்குள்ள போனு வாய மூடிக்குது.”

“சுருக்கமாக எழுதுங்கள்” என்றேன்.

“பேரு ஊரு சொல்லாம எப்டி சார்? மொட்டக் கடுதாசியா போடுறேன்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. வரம்பை உயர்த்தியிருக்கலாம், வரியை மடியவிட்டிருக்கலாம். நான் செய்தது வேறு. எவ்வளவு வேண்டுமானாலும் தட்டலாம், அனுப்பும்போது முதல் அறுபது எழுத்து மட்டும் போகும் என்று நிரலை மாற்றினேன். மீதி உதிர்ந்துவிடும். அனுப்பியவருக்கு அது தெரியாது. எவரிடமும் சொல்லவில்லை.

மறுவாரம் தேவராஜ் என் தோளைத் தட்டினார். “இப்போ சூப்பரா போவுது சார்.”

நான் தலையசைத்தேன்... அந்தத் தலையசைப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சில மாதங்கள் கழித்து, முதல் ஷிப்ட் முடியும் வேளையில் அவர் அனுப்பிய செய்தி பட்டறைத் திரையில் ஆங்கில எழுத்தில் இப்படி நின்றது: “தேவராஜ் முதல் ஷிப்ட் நாலாம் கிரேன் மேற்கு வரிசை வயர் ரோப்பு”. அவ்வளவுதான். அனுப்பிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். “ரோப்புன்னா இன்னா ரோப்பு? நாளைக்குக் கேட்டுக்கலாம்னு வுட்டுட்டேன்” என்று பட்டறை மேஸ்திரி பின்னர் விசாரணையில் சொன்னார். அன்று பிற்பகல் நாலாம் கிரேனின் கம்பி வடம் அறுந்தது. கொக்கி மாட்டும் மோசஸுக்கு இடக்கையில் இரண்டு விரல்கள் போயின.

விசாரணையில் தேவராஜ் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். “முழுசாதான் சார் அனுப்ச்சேன். என் கண்ணால பாத்து அனுப்ச்சேன்.”

மேலாளர் என் பக்கம் திரும்பினார். “நிரல் எழுத்து எதையாவது விட்டுவிடுமா?”

“விடாது. உள்ளிட்டது முழுவதும் போகும்” என்றேன்.

நாலே சொற்களில் முடித்தேன். சுருக்கம் என்னைக் கைவிடவில்லை!

அவரை நீக்கினார்கள். அதே வாரம் வரம்பை எடுத்துவிட்டு, பழைய நிரலை என் கணினியிலிருந்து அழித்தேன். அச்சமா? வேலை போகுமென்ற கவலையா? பிழையற்றவன் என்ற பெயரின் மீதிருந்த பற்றா? மூன்றும்தான்... பெரியது கடைசிதான்.

இத்தனை ஆண்டுகள் கழித்து, சென்ற மாதம் சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் அவரைத் தேடிச் சென்றேன். தகடு ஏற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றவில்லை.

“எங்கூட்லயே நம்பல சார். அவசரத்துல பாதி அட்ச்சி வுட்டுட்டேன்னு என் சம்சாரமே சொல்லிச்சு. போவப்போவ நானே நம்பிட்டேன். இன்னா எழுதுனேன்னே இப்போ ஞாபகம் இல்ல. மோசஸு வூட்டாண்ட போயி, தப்பு என்மேலதான்னு சொல்லிட்டும் வந்தேன்.” அடுத்த தகட்டைத் தூக்கினார். “இப்போ வந்து அதையும் புடுங்கிக்கினியே.”

திரும்பிப் பார்க்காமல் லாரிப் பக்கம் போனார்.

நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு முற்றத்து நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். மோசஸுக்கும் ஒரு படி நேரில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். பதில் வந்தாலும் வராவிட்டாலும் இனி ஒரு சொல்லையும் திரும்பப் பெற மாட்டேன்.

அறுபதாம் எழுத்துக்குப் பின் தேவராஜ் என்ன எழுதினார் என்பது தெரியாது. நிரல் அதை எங்கும் வைக்கவில்லை. அவருக்கும் நினைவில்லை.