அடித்தண்ணீரைக் குடித்துப் பார்த்தவர்

எங்கள் நாற்றுகளைக் கொன்றது அன்றைய ஓவர்சியர். கடல் இல்லை. மதகைத் திறந்து மூடும் லஸ்கராக இருந்த என் அத்தானும் இல்லை. ஊரில் இன்றுவரை மாற்றிச் சொல்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

பொதிகையிலிருந்து இறங்கும் தாமிரபரணி திருநெல்வேலியைத் தாண்டி, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் கடைசியாகத் தேங்கி, புன்னைக்காயல் பக்கம் கடலில் சேர்கிறது. அணைக்கட்டுக்கும் கடலுக்கும் நடுவே பயிர் வைத்திருக்கிறவர்கள் நாங்கள். மேலே இருப்பவர்களுக்கெல்லாம் போக மிஞ்சியதுதான் எங்களுக்கு. யுத்த காலத்தில் துறைமுகத்துக்கு வேண்டும், பட்டாளத்துக்கு வேண்டும் என்று அதையும் இறுக்கிப் பிடித்தார்கள். ஆறு மெலிந்தால் கடல் சும்மா இருக்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏறி எங்கள் மதகுவரை வந்துவிடும். கண்ணால் பார்த்தால் தெரியாது. நல்ல தண்ணீர் மேலே நிற்கும். உப்புத் தண்ணீர் கனத்துக் கீழே கிடக்கும். மதகுப் பலகையைத் தூக்கினால் முதலில் வயலுக்குப் பாய்வது கீழே கிடப்பதுதான்.

அத்தான் சிறுவாய்ச் செம்பு ஒன்றை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஆற்றில் முங்குவார். தரை தட்டியதும் கையை எடுப்பார். செம்பு நிறைந்ததும் மறுபடி பொத்திக்கொண்டு மேலே வருவார். ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகே பலகையில் கை வைப்பார். "ஆத்துத் தண்ணி குடிக்கவா அத்தான் சம்பளம் தாரான்?" என்று நான் கேலி செய்வேன். "உங்க அக்கா ரசத்தை இத்தனை வருசமா குடிக்கிற நாக்குலே இது. உப்பு பாக்க நல்லாப் பழகிட்டு" என்பார்.

யுத்தத்தின் நடுவே ஒரு வருசம், ஆனி மாதம் சாரல் பிந்தியது. நாற்று வெளுத்து நின்றது. உணவு உற்பத்தியைப் பார்வையிட மேலதிகாரி வருகிறார், வாய்க்காலில் தண்ணீர் ஓட வேண்டும் என்று ஓவர்சியர் விடிந்ததும் வந்து நின்றார். அமாவாசைக்கு மறுநாள். அத்தான் முங்கி எழுந்து, குடித்ததைத் துப்பினார்.

"ஐயா, அடியில உப்பு கிடக்கு. நாலு நாள் பொறுக்கணும்."

ஓவர்சியர் படியில் குனிந்து கையால் அள்ளிக் குடித்தார். "இளநீ மாதிரி இருக்கு. உமக்கு வேலைக்கு உடம்பு வணங்கலைன்னு சொல்லும். திறயும்."

"மேல உள்ளது இளநீதான். செம்பைத் தாரேன், முங்கிப் பாருங்க."

கரையில் நின்ற நாங்கள் சிரித்துவிட்டோம். அதோடு ஓவர்சியருக்கு முகம் கறுத்தது. "இது உத்தரவு" என்றார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "திறங்க அத்தான், நாத்து சாகுது" என்றேன். "சாகலலே, தாகமாத்தான் கிடக்கு" என்றார் அத்தான். பிறகு பலகையைத் தூக்கினார்.

மேலதிகாரி வந்தார், ஓடும் தண்ணீரைப் பார்த்தார், திருப்தியாகப் போனார். நான்காம் நாள் நாற்றின் நுனி கருகியது. வாரம் முடிவதற்குள் நாற்றங்கால் முழுவதும் வைக்கோல் நிறம். விசாரணையில், லஸ்கர் தன் இஷ்டத்துக்குத் திறந்துவிட்டான் என்று ஓவர்சியர் எழுதிக் கொடுத்தார். உத்தரவு வாய்வார்த்தைதான், காகிதம் கிடையாது. எங்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. நாங்களாகவும் போகவில்லை. மறுபடி தண்ணீருக்கு அதே ஓவர்சியரிடம்தானே நிற்க வேண்டும் என்று பயந்தோம். அத்தானுக்கு வேலை போயிற்று.

இப்போது தூத்துக்குடி உப்பளத்தில் மூட்டை தூக்குகிறார். ஊருக்கு வந்தால் டீக்கடையில், "என்ன லஸ்கர், ருசி பாத்துச் சொல்லும்" என்று கிளாசை நீட்டுகிறார்கள். சிரித்துக்கொண்டே வாங்கிக் குடிக்கிறார். அக்கா ஊருக்கு வருவதையே விட்டுவிட்டாள்.

யுத்தம் முடிந்தது. வெள்ளைக்காரனும் போய்விட்டான். ஆறு இன்னும் மெலிந்துதான் வருகிறது. அந்த ஓவர்சியர் பெரிய பதவிக்கு உயர்ந்து, அடுத்த மாதம் எங்கள் ஊரில் புது மதகு திறக்க வருகிறாராம். என் பங்குக்கு நான் செய்த தப்பை இங்கே எழுதிவிட்டேன். கழுத்தில் மாலை விழும் முன்பு, மேடையில் நின்று, ஊர் முழுக்கக் கேட்கும்படி அவர் சொல்லட்டும்: அன்று பலகையைத் தூக்கச் சொன்னது யார்?