பூட்டிய வரைபடமும் ஓர் ஆயில் சர்வீஸும்

கையளவு பெட்டி அது. கார் கண்ணாடியில் ஒட்டிவைத்தால் வழி காட்டும். போன்கள் அந்த வேலையைப் பிடுங்கிக்கொள்வதற்கு முந்தைய காலம். தூத்துக்குடி ஹார்பர் கேட் டாக்ஸி ஸ்டாண்டில் அந்தப் பெட்டி என் வண்டியில் மட்டும்தான் இருந்தது. கப்பல் ஆட்களை மதுரை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடுவது என் பிழைப்பு. கண்ணை மூடிக்கொண்டு போகிற ரோடுகள்தான். ஆனாலும் ஒரு பெண் குரல் இங்கிலீஷில் வழி சொல்ல, பின்சீட்டுக் கேப்டன் அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டு வந்தால் எனக்குக் கொஞ்சம் கெத்துதான்.

ஸ்டாண்டில் எனக்கு அடுத்து வண்டி போடுகிறவன் என்னைவிட எட்டு வயது இளையவன். என் வீட்டுக்கு எதிர் வீடும்கூட. நான் சட்டை எடுத்தால் அவனும் எடுத்தாக வேண்டும். எப்படியோ ஒரு கப்பல்காரனிடமிருந்து அதே மாடல் பெட்டியை வாங்கி வந்துவிட்டான். போட்டுப் பார்த்தால் உள்ளே இருந்தது ஏதோ ஓர் ஐரோப்பிய நாட்டு மேப். வண்டி முத்தையாபுரத்தில் நிற்கிறது, திரையில் வெறும் வெள்ளை. ஸ்டாண்டே சிரித்தது.

"அண்ணாச்சி, உங்க மேப்பை இதுல ஏத்திக் குடுங்க" என்று வந்து நின்றான்.

என் மெமரி கார்டைக் காப்பி எடுத்து அவன் பெட்டியில் செருகினோம். திறக்க மாட்டேன் என்றது. கம்பெனிக்காரன் ஒவ்வொரு மேப்பையும் ஒவ்வொரு பெட்டியின் நம்பரோடு சேர்த்துப் பூட்டியிருக்கிறான். வேறு பெட்டியில் போட்டால் வாயே திறக்காது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. திருச்செந்தூர் ரோட்டை இருபது வருஷமாக ஓட்டித் தேய்த்தவன் நான், அதை இவன் பூட்டி வைப்பானாம். படம் போட்டவன் தன் உழைப்புக்குப் பூட்டு போட்டான், அதில் என்ன தப்பு என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர் வழி சொன்னார். "மேப்பை மட்டும் எடுத்தா வராது அண்ணாச்சி. உங்க பெட்டியில இருக்கது மொத்தத்தையும் அப்படியே அதுல இறக்கிட்டா, அது தன்னையே உங்க பெட்டின்னு நெனச்சுக்கிடும். பூட்டும் தெறந்துரும்."

செய்தார். திறந்தது. எதிர் வீட்டுக்காரன் குதித்தான். நானும் என்னவோ சாதித்துவிட்ட மாதிரி எல்லாருக்கும் டீ சொன்னேன்.

வீட்டுக்குப் போகிற வழியில்தான் உறைத்தது. மொத்தம் என்றால் மொத்தமும்தான். நான் குறித்து வைத்திருந்த இடங்களும் கூடவே போயிருக்கும். வீடு, ஹார்பர் கேட், ஏர்போர்ட். நாலாவது, 'ஆயில் சர்வீஸ்'. பெயர்தான் அப்படி. அது திருச்செந்தூர் ரோட்டில் இருக்கும் சாகுபுரத்தில் என் மகள் குடியிருக்கும் வீடு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அங்கே ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஒரு பையனை அவளாகவே கட்டிக்கொண்டாள். நாசரேத் பக்கத்து வேதக்காரப் பையன், கிறிஸ்தவன். "இனி அவ வாசப்படிய மிதிக்க மாட்டேன், இந்த வீட்ல அவ பேச்சும் எடுக்கக் கூடாது" என்று சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும் கத்தினேன். மனைவியின் போனிலிருந்து அவள் நம்பரை நானே அழித்தேன். மனைவி ஒரு நாள் முழுக்க அழுதாள், அதோடு வாயை மூடிக்கொண்டாள். மகள் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். ஒருமுறை சவாரி போனபோது ரோட்டில் மகளைப் பார்த்துவிட்டு, பின்னாலேயே மெதுவாக ஓட்டிப்போய் வீட்டைக் குறித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தெருக்கோடியில் மாவு மில் ஓரமாக வண்டியை நிறுத்துவேன். இறங்கமாட்டேன். முற்றத்தில் அவள் துணி காயப்போடுவதைப் பத்து நிமிஷம் பார்ப்பேன், வந்துவிடுவேன். போக முடியாத நாட்களில் ஸ்டாண்டில் உட்கார்ந்தபடியே பெட்டியில் அந்த இடத்தைத் தட்டுவேன். ஐம்பது நிமிஷம் என்று காட்டும். மறுபடி தட்டுவேன். அதே ஐம்பதுதான்.

இப்போது அந்த இடம் அடுத்தவன் பெட்டியில். அவன் விரல் ஒரு தடவை பட்டால் போதும், என் மானம் கப்பலேறிவிடும். விடிந்ததும் விடியாததுமாக அவன் வாசலில் நின்றேன்.

"ஏலே, பெட்டியக் குடு. ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு."

"நல்லாத்தான ஓடுது, பெறகு பாப்போம் அண்ணாச்சி" என்று வண்டியைக் கிளப்பினான்.

அடுத்த நாள் அவசரச் சவாரி என்றான். அதற்கடுத்த நாள் பெட்டி சார்ஜில் கிடக்கிறது என்றான். அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் ஜன்னல் வழியாகக் கையை விடலாமா என்றுகூடப் பார்த்தேன். கண்ணாடி ஏற்றியிருந்தது. திருடன் மாதிரி அவன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவன் முகத்திலோ ஒன்றும் தெரியவில்லை. நாள் போகப் போக, பார்த்திருக்க மாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனால் நம்பவில்லை.

வீட்டில் மனைவி மட்டும் கொஞ்சம் தெளிந்திருந்தாள். எதிர் வீட்டுக்காரன் பெண்டாட்டியோடு செவ்வாய்க்கிழமைதோறும் திருச்செந்தூர் போய்வர ஆரம்பித்திருந்தாள். சரி, முருகன் புண்ணியம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மாசம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சவாரி முடிந்து திரும்புகையில் மாவு மில் ஓரம் நின்றேன். என் எதிரிலேயே அவன் வண்டி வந்து மகள் வீட்டு முன்னால் நின்றது. தூக்குவாளியோடு இறங்கினாள் என் மனைவி.

வண்டியைத் திருப்புவதற்குள் அவன் பார்த்துவிட்டு ஓடிவந்தான்.

"ஆயில் மாத்தலாம்னு ரெண்டு மாசத்துக்கு முந்தி இங்கன வந்தேன் அண்ணாச்சி. பாப்பா வந்து கதவத் தெறந்துச்சு. மதினிட்ட சொல்லாம எப்படி இருப்பேன்?"

"உன்னை யாருல கேட்டா?" என்று கத்தினேன். சத்தம் கேட்டு மனைவியும் வந்தாள். பயப்படுவாள் என்று நினைத்தேன். பயமே இல்லை அவளிடம்.

"நீங்க இங்க வந்து நிக்கது யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சியளா? மொத நாளே அவ பாத்துட்டா. அங்க பாருங்க."

மகள் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்புட்டும் காஞ்ச துணி. உங்க வண்டியக் கண்டா, திரும்பத் தண்ணியில முக்கி எடுத்துட்டு வந்து காயப்போடுதா. உள்ளயே இருந்தா அப்பா பாக்காமப் போயிருவாவளாம்."

நான் ஏசி போட்டு வீறாப்பாக உட்கார்ந்திருந்த ஒவ்வொரு பத்து நிமிஷமும் அந்தப் பிள்ளை வெயிலில் நின்றிருக்கிறது. மனைவி கையிலிருந்த தூக்குவாளியை வாங்கிக்கொண்டு நடந்தேன். நான் வருவதைப் பார்த்ததும் மகள் ஒரு போர்வையைப் பிடித்தபடி, தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே நின்றுவிட்டாள்.

"போதும் ஏளா, கீழ போடு" என்றேன். இரண்டு வருஷத்தில் அவளிடம் நான் பேசிய முதல் பேச்சு அது.