காதுக்கு ஒரு விரல் குறைவு

பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அலுப்புத்தான் வருகிறது. ஐம்பதுகளின் கடைசியில், சிவகாசிக்கும் தாயில்பட்டிக்கும் இடையில் இருந்த ஒரு கரிசல் கிராமத்தில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. நீளமாக ஒரே ஓட்டுக் கட்டடம். அதற்குள்ளேயே ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லா வகுப்பும். நானும், எந்நேரமும் இருமிக்கொண்டிருந்த ஒரு தலைமையாசிரியரும் மட்டும்தான். அவர் நான்கையும் ஐந்தையும் எடுத்துக்கொண்டார். மீதி மூன்று வகுப்பும் என் தலையில்.

ஜூனில் பிள்ளை சேர்க்க வருகிறவர்கள் யாருக்கும் பிறந்த தேதி தெரியாது. "செவலைக் காளை செத்த வருசம் பெறந்தான்" என்பார்கள். அந்தக் காளை எப்போது செத்தது என்று கேட்டால், இவன் பிறந்த வருடம்தான் என்பார்கள். அதனால் ஊர் உலகமெல்லாம் வைத்திருந்த சோதனையைத்தான் நாங்களும் வைத்திருந்தோம். பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து முடிந்துவிட்டது, சேர்த்துக்கொள்ளலாம். தொடாவிட்டால் அடுத்த வருடம் வரட்டும். தொட்டவர்களுக்கு நானே ஒரு பிறந்த தேதியும் எழுதிவிடுவேன். என் வகுப்பில் பாதிப் பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள்.

அந்தச் சோதனையில் நான் கறார். தலையைச் சாய்த்துக் காதைக் கையிடம் கொண்டுபோகும் கள்ளப் பிள்ளைகள் உண்டு. "தலையைச் சாய்க்கக் கூடாது" என்று அதட்டுவேன். இருபத்திரண்டு வயதில் நமக்கென்று ஒரு அதிகாரம் கிடைத்தால் அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? இப்போது நினைத்தால் சிரிப்புக்கூட வர மாட்டேன் என்கிறது.

முதல் ஜூனில், தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். பிள்ளைக்கு எண்ணெய் வழிய வழியத் தலை வாரி, யாருடையதோ ஒரு பெரிய பாவாடையை இடுப்பில் சுருட்டிக் கட்டியிருந்தாள்.

"ஆறு நடக்குது டீச்சரம்மா. ஆளுதான் குட்டை. வீட்டுல அம்புட்டு அளகா பெட்டி ஒட்டுவா. ஒரு சுருக்கம் இருக்காது."

பிள்ளை கையைத் தூக்கியது. குச்சி மாதிரிக் கை. காதுக்கு ஒரு விரல் குறைந்தது. தலையைச் சாய்க்காதே என்று நான் சொன்னதைக் கேட்டுக் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து இன்னொரு தடவை முயன்றது. அப்போதும் எட்டவில்லை. அடுத்த வருடம் வாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அதே நாள் மத்தியானம் ஊரின் பெரிய சம்சாரி, கிணறும் நாலு ஏரும் வைத்திருந்தவர், தன் மகனோடு வந்தார். பையன் கொழுகொழு என்று இருந்தான். அவனுக்கும் காது எட்டவில்லை. தலையைச் சாய்த்தான். "வளந்துருவான் டீச்சரம்மா, போட்டுக்கோங்க" என்று சொல்லிச் சம்சாரி சிரித்தார். நான் பதிவேட்டைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். பிறகு அவன் பெயரை எழுதினேன். ஆளுக்கொரு நீதி என்று ஊர் சொல்வதை அன்றைக்கு நானே செய்தேன். செய்யும்போது பெரிதாக உறுத்தவும் இல்லை.

அந்தப் பையன் பள்ளிக்கூடத்துக்குத் தயாராகவே இல்லை. சாக்குக் கட்டியைப் பிடிக்கத் தெரியாமல் உள்ளங்கையால் அமுக்கி உடைப்பான். மத்தியானச் சோறு தின்றதும் தூங்குவான். உட்கார்ந்த இடத்தை நனைத்துவிட்டு என்னைப் பார்த்து அழுவான். அவனைத் துடைத்துத் துடைத்தே என் இடுப்பு போயிற்று. முதல் வகுப்பிலேயே இரண்டு வருடம் கிடந்தான்.

மூன்று வகுப்பையும் ஒரே அறையில் வைத்து மாரடித்ததில் எனக்கு ஒன்று தெரிந்தது. பயிற்சிப் பள்ளியில் யாரும் சொல்லித்தராதது. ஒரே பிள்ளைக்குள் கைக்கு ஒரு வயது, நாக்குக்கு ஒரு வயது, அழுகைக்கு ஒரு வயது. எல்லாம் சேர்ந்து வளர்வதில்லை. ஐந்து வயதில் கேள்வி கேட்டே உயிரை எடுப்பார்கள், எந்தப் பதில் சொன்னாலும் போதும். ஆறில் முன்பல் விழும். விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிய வேண்டும் என்று பாடத்தின் நடுவில் எழுந்து வீட்டுக்கு ஓடுவார்கள். ஏழில் கோள் சொல்வதுதான் முழுநேர வேலை. "டீச்சர், இவன் என்னையப் பாக்கான் டீச்சர்." எட்டு வயதில் ஒரு திருப்பம் வரும். தண்ணீர்ப் பானையை நிரப்புகிறேன், வகுப்பைப் பெருக்குகிறேன் என்று பின்னாலேயே வந்து நிற்பார்கள். எதையாவது ஒன்றை நன்றாகச் செய்து, அதை நாம் வாய்விட்டு நல்லா இருக்கு என்று சொல்ல வேண்டும் அவர்களுக்கு. அந்த வயதில் யார் அதைச் சொல்கிறார்களோ அவர்கள் பக்கம் போய்விடுவார்கள். இதையெல்லாம் தெரிந்துகொள்வதற்குள் எனக்கு மூன்று வருடம் ஆகிவிட்டது.

இரண்டாவது ஜூனிலும் அந்தத் தாயும் மகளும் வந்தார்கள். இப்போது நகக்கண் அளவுதான் குறைந்தது. வயிற்றுக்குச் சரியாகக் கிடைக்காத பிள்ளை, எலும்பு எப்படி நீளும்? எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த வருடம் முதல் வகுப்பில் உட்கார வைக்கத் தரையில் இடம் இல்லை. கோடை லீவு விடுவதற்கு முன்னால்தான் மேற்பார்வைக்கு வந்த அதிகாரி என் பதிவேடு ஒழுங்காக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போயிருந்தார். ஒரு பிள்ளையைக் கழிக்க ஒரு சாக்குக் கிடைத்ததே என்றுதான் இருந்தது. அடுத்த வருடம் கட்டாயம் என்றேன். அந்தப் பெண் "சரிங்க டீச்சரம்மா" என்று மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

மூன்றாவது ஜூனில் அவர்கள் வரவில்லை. வராததை நான் கவனிக்கவும் இல்லை. ஆடி மாதம் ஒரு சாயங்காலம், ஆபீஸ் விட்டுத் திரும்பும் பெண்களுக்கு நடுவில் அந்தப் பிள்ளை தூக்குச் சட்டியை ஆட்டிக்கொண்டு நடந்து வந்தாள். விரல் நுனியெல்லாம் தீக்குச்சி மருந்தின் கறை. என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அவள் தாய்மேல் அதைவிடக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து சோறு பொங்கும்போதுதான், கோபப்பட வேண்டிய ஆள் யார் என்று உறைத்தது.

மறுநாள் விடிந்ததும், அவர்கள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், வீடு தேடிப் போனேன். தாய் தூக்குச் சட்டியில் கம்பங்கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சரம்மா. இங்கன உக்காருங்க" என்று முறத்தை எடுத்துவிட்டு இடம் ஒதுக்கினாள்.

நான் உட்காரவில்லை. "சோதனை ஒண்ணும் வேண்டாம். பிள்ளையை இன்னைக்கே அனுப்புங்க. நான் சேர்த்துக்கிடுதேன்" என்றேன்.

அவள் சட்டியை மூடினாள். "ரெண்டு வருசம் கூட்டியாந்தேனே டீச்சரம்மா. அப்ப வீட்டுலதான இருந்தா. இப்ப இவ கூலியும் சேந்துதான் பொளப்பு ஓடுது. திடீர்னு எப்படி நிறுத்துவேன்? கோவிச்சுக்கிடாதீக."

அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள்தான் என்னிடம் பொறுத்துக்கொள்ளச் சொன்னாள். நான் பிள்ளையின் பக்கம் திரும்பி, "நீ வர்றியாம்மா? உனக்குப் படிக்க ஆசைதானே?" என்று கேட்டேன். அவள் வரேன் என்று அழுதால் தாய் மனம் மாறுவாள் என்று ஒரு நப்பாசை.

பிள்ளை அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"குச்சி அடுக்க எனக்குன்னு தனியா ஒரு கட்டை குடுத்திருக்காக டீச்சர். மத்த பிள்ளைக ரெண்டு ரெண்டு பேராத்தான் குச்சி அடுக்குதுக. நான் ஒத்தையிலயே அடுக்கிருவேன். நல்லா அடுக்குறேன்னு மேஸ்திரி எல்லார் முன்னாலயும் சொன்னாரு."

அவள் முகமெல்லாம் சந்தோஷம். நல்லா இருக்கு என்று அவளிடம் சொல்ல எனக்கும் இரண்டு ஜூன் கிடைத்தது. நான் சொல்லவில்லை. மேஸ்திரி சொல்லிவிட்டார்.

அவளே உள்ளே போய்த் தம்பியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஈரக் கையால் அவன் முகத்தைத் துடைத்து, டவுசரை ஏற்றி முடிச்சுப் போட்டாள். "இவனுக்கு அஞ்சாவுது டீச்சர். இவனக் கூட்டிட்டுப் போங்க. ஏலே, டீச்சர் சொல்றதக் கேளுலே" என்று அவன் கையை என் கையில் கொடுத்தாள். பேச்சு நாற்பது வயதுப் பெண்ணின் பேச்சு. பிறகு தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு தாயோடு கிழக்கே நடந்தாள். நேரமாகிவிட்டது என்று இருவரும் வேகமாகப் போனார்கள்.

நாங்கள் மேற்கே நடந்தோம். வழியெல்லாம் பையன் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தான். ஓணான் ஏன் தலையாட்டுது, பள்ளிக்கூடத்தில் சோறு எப்போது போடுவீர்கள், உங்கள் செருப்பு ஏன் சத்தம் போடுது. எல்லாவற்றுக்கும் ஏதோ சொல்லி வைத்தேன். பள்ளிக்கூடம் கண்ணுக்குத் தெரிந்ததும் நின்றான்.

"டீச்சர், அக்கா எப்ப வருவா?"

"அக்காவுக்கு வயசாயிருச்சுப்பா" என்றேன்.

அவனுக்கு அது போதுமாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். அவளுக்கு அப்போது எட்டு நடந்துகொண்டிருந்தது.