துக்கம் கேட்க ஓர் இங்கிலீஷ் சொல்

முப்பதுகளில் கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லில் நான் இங்கிலீஷ் குமாஸ்தாவாக இருந்தேன். முதலாளி பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயி. தன் நிலத்தில் ஒரு பகுதியை விற்று மில் கட்டியவர். இங்கிலீஷ் தெரியாது. மில் எஞ்சினியர் வெள்ளைக்காரர். அவருக்கு 'ஓட்டு', 'நிறுத்து' தவிரத் தமிழ் வராது. இருவருக்கும் நடுவில் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் எஞ்சினியருக்குத் தந்தி வந்தது. சீமையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த ஒரே மகன் காய்ச்சலில் இறந்துவிட்டான். அவர் படித்துவிட்டுத் தந்தியைப் பையில் வைத்துக்கொண்டார். வேலை முடிந்து மில் சங்கு ஊதும்வரை மெஷின்களோடு நின்றார். மறுநாள் வேலைக்கு வரவில்லை.

முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏனுங்க தம்பி, துரை ஊட்டுக்குத் துக்கம் கேக்கப் போகோணும். அவிங்க பாசையில என்னங்க சொல்றது?"

"'ஐ ஆம் சாரி'ன்னு சொல்லலாமுங்க."

அவர் முகம் சுளித்தார். "போன வாரம் என்ர காலை மிதிச்சுப்போட்டு அதைத்தானுங்களே சொன்னாரு?"

"'ரிக்ரெட்'னும் ஒண்ணு இருக்குதுங்க."

"நூலு அனுப்ப முடியலீன்னு பம்பாய்க்காரனுக்கு எழுதுவீங்களே, அதா? வேண்டாமுங்க."

'கண்டோலன்ஸ்' அவர் நாக்கில் ஏறவில்லை. கடைசியில் 'சாரோ' என்றேன். துயரம் என்று அர்த்தம் சொன்னேன். அது பிடித்துவிட்டது. காரில் போகும்போது உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பங்களா வராந்தாவில் எஞ்சினியர் சவரம் செய்யாத முகத்தோடு பிரம்பு நாற்காலியில் இருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார். முதலாளி அவருடைய இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். படித்து வைத்த சொல் வரவில்லை.

"என்ர பையனும் போயிட்டானுங்க. எட்டு வயசு. காலரா."

அத்தனை காலம் அவரிடம் வேலை பார்த்தும் எனக்கு அது தெரியாது. இங்கிலீஷில் சொன்னேன். எஞ்சினியர் எங்களையும் உட்காரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். "எப்படிப்பட்ட பையன்?" என்று கேட்டார்.

"கெணத்துல எறங்குனா ஏறவே மாட்டானுங்க. நான் குச்சியோட போய் மேட்டுல நிக்கோணும்."

எஞ்சினியர் லேசாகச் சிரித்தார். தன் மகன் கண்ணில் பட்ட கடிகாரத்தையெல்லாம் பிரித்துப் போடுவான் என்றார். அவனுக்குத் திரும்பப் பூட்டத் தெரியாது. தகப்பன்தான் உட்கார்ந்து பூட்ட வேண்டும். இப்படியே மாறி மாறிப் பேசினார்கள். கிணறு, கடிகாரம், சிலேட்டு, செருப்பு என்று பள்ளிக்கூடத்துச் சிறு சொற்களே எனக்குப் போதுமாக இருந்தன.

ஒரே ஓர் இடத்தில் திணறினேன். "இன்னைக்கும் வவுறு எரியுதுங்க" என்றார் முதலாளி. அதை அப்படியே சொன்னால் அஜீரணம் என்று எடுத்துக்கொள்வார். வேறு எப்படிச் சொல்வது? நான் விழிப்பதைப் பார்த்த எஞ்சினியர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "வேண்டாம், எனக்குப் புரிந்தது" என்றார்.

அந்த மாதமே அவர் கப்பலேறினார். மழைக்காலம் முடிந்து திரும்பியபோது மனைவியையும் அழைத்து வந்தார். முதலாளியின் மனைவி மில் பக்கமே வராதவர்; அந்த அம்மாளைப் பார்க்க வேண்டும் என்று தானாகவே புறப்பட்டார். முதலாளியும் உடன் வந்தார்; மொழிபெயர்க்க நானும் போனேன். வாசலில் வந்து நின்ற அந்த அம்மாளைப் பார்த்ததும் முதலாளியின் மனைவி என்னிடம் திரும்பி, "நீங்க இங்கயே இருங்க கண்ணு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

ஆண்கள் மூவரும் வராந்தாவில் காத்திருந்தோம். டீ வந்தது, ஆறியது. உள்ளே முதலில் ஒரு குரல் அழுதது; பிறகு இரண்டும் அழுதன. அதன்பின் வெகுநேரம் தணிந்த பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எந்த மொழியில் பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.