பஸ் போகல, தம்பி

யுத்தம் இன்னும் முடியாத காலம் அது. சமாதானப் பேச்செல்லாம் முறிந்து, கண்டியில் அகற்றியிருந்த சோதனைச் சாவடிகளை மறுபடி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்த வருடம். அந்த டிசம்பர் விடுமுறையில்தான் நான் நோர்வேயின் வடக்குக் கோடிக்குப் போனேன். கட்டுகஸ்தோட்டையிலிருந்து கொழும்புக்குப் போவதற்கே இரண்டு நாள் யோசிக்கிற ஆள் நான். பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்த்த டீச்சர்மார் கடைசி வரைக்கும் நம்பவில்லை.

அழைத்தது என் தம்பி. மடுல்கெல்ல பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவன், அங்கே கடலோர ஊரொன்றில் மீன் ஃபெக்டரியில் வேலை செய்துகொண்டிருந்தான். ஏன் போனான் என்பதைப் பிறகு சொல்கிறேன். டிசம்பரில் அந்த ஊருக்குச் சூரியன் வருவதே இல்லை. மத்தியானம் கொஞ்ச நேரம் வானம் வெளுக்கும், சோற்றை வடித்து நிமிர்ந்தால் மறுபடி இருட்டிவிடும். இருட்டைக் கண்டால் எனக்குப் பயம் என்று தம்பிக்குத் தெரியும். அவனுக்கும் பயம் என்று எனக்குத் தெரியும். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

குளிர்காலத்தில் அங்கே வானத்தில் பச்சையாக ஓர் ஒளி ஆடும். வடதுருவ ஒளி என்று பாடப் புத்தகத்தில் நானே பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன், ஒரு நாளும் பார்க்காமலே. தம்பியின் ஊரில் ஒரு வாரமாக மேகம் மூடியே கிடந்தது. "இவ்வளவு தூரம் வந்துட்டு அதைப் பார்க்காம போறதா?" என்று பிடிவாதம் பிடித்து, பக்கத்து நகரத்திலிருந்து ஆட்களை பஸ்ஸில் அழைத்துப் போய்க் காட்டுகிற ஒரு பயணத்தில் எங்கள் இருவரையும் சேர்த்துவிட்டான். மேகம் எங்கே விலகியிருக்கிறதோ அங்கே கொண்டுபோய் நிறுத்துவார்கள். எனக்கு வாடகைக்கு ஒரு தடித்த குளிர் உடுப்புக் கொடுத்தார்கள். அதற்குள் நுழைந்த பிறகு நான் உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி ஆகிவிட்டேன். தம்பி ஐந்தாறு வருடத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் பஸ் கிளம்பியது. சின்ன பஸ், பத்துப் பதினைந்து பேர். வழிகாட்டி ஓர் உயரமான பெண், பஸ்ஸை ஓட்டியதும் அவள்தான். நகரத்து வெளிச்சம் முடிந்ததும் பஸ்ஸுக்குள் எரிந்த விளக்கையெல்லாம் அணைத்தாள். இனி யாரும் எந்த வெளிச்சமும் போடக்கூடாது, டோர்ச்சும் அடிக்கக்கூடாது, கண் இருட்டுக்குப் பழகினால்தான் ஒளி தெரியும் என்று இங்கிலீஷில் சொன்னாள்.

எல்லாரும் உற்சாகமாகச் சிரித்தார்கள். நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் இருட்டில் பஸ் போனால் சட்டமே வேறு. சோதனைச் சாவடி கிட்ட வரும்போது டிரைவர் முன் விளக்கை அணைத்து, உள் விளக்கைப் போடுவார். உள்ளே இருக்கிறவர்கள் யார் என்று ஆமிக்காரருக்குத் தெரிய வேண்டும். உள் விளக்குப் போடாமல் வருகிற வாகனத்துக்கு என்ன நடக்கும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. விளக்கில்லாத பஸ்ஸில் உட்கார்ந்திருக்க என் உடம்பு மறுத்தது.

அதற்கு மேல் இன்னொன்று. பின் சீட்டில் யாரோ சிங்களத்தில் பேசுவது கேட்டது. ஓர் ஆண், ஒரு பெண். உலகத்தின் அந்தக் கோடியில், அந்த ஒரு பஸ்ஸில், என் முதுகுக்குப் பின்னால்! தம்பியின் கை என் கையைப் பிடித்து அழுத்தியது. அதன் பிறகு நாங்கள் ஒரு வார்த்தை கூடத் தமிழில் பேசவில்லை. அவர்கள் எங்களை என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள். பயத்துக்குப் பதில் தெரிந்தா நாம் பயப்படுகிறோம்?

தம்பி நாட்டை விட்டுப் போன கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். சமாதானப் பேச்சுக்கு முந்திய காலத்தில் ஒரு நாள், நானும் அவனும் அம்மாவின் கண்ணாடியை வாங்கக் கண்டிக்குப் போய்க்கொண்டிருந்தோம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தி, ஓர் ஆமிக்காரன் ஏறி, "பிரிமி ஒக்கோம பஹின்ன" என்றான். ஆம்பிளைகள் எல்லாரும் இறங்கு என்று அர்த்தம். அது வழக்கம்தான். ஆண்கள் இறங்கி அடையாள அட்டையைக் காட்டிவிட்டுப் பாலத்தை நடந்து தாண்டுவார்கள், பஸ் அந்தப் பக்கம் போய் நின்று ஏற்றிக்கொள்ளும். "பையைப் பார்த்துக்கங்க அக்கா, வந்திர்றேன்" என்று சொல்லி இறங்கினான். பாலத்தைத் தாண்டி எல்லாரும் வந்து ஏறினார்கள். அவன் மட்டும் வரவில்லை. பஸ்ஸை எடுக்கச் சொல்லி ஆமிக்காரன் தட்டினான். நான் கத்தினேன். டிரைவர் பாவம், என்னைப் பார்க்கவும் முடியாமல், நிற்கவும் முடியாமல், பஸ்ஸை எடுத்துவிட்டார். அடுத்த வளைவில் இறங்கித் திரும்ப ஓடினேன். பாலத்துக்குக் கிட்டவே விடவில்லை.

மழைக்காலம் போய்ப் பனிக்காலமும் வந்த பிறகுதான் அவனை விட்டார்கள். வெளியே வந்தவன் அதன் பிறகு நாட்டில் இருக்கவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று இன்று வரைக்கும் சொன்னதில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "பஸ் போறதப் பார்த்துக்கிட்டே நின்னேன் அக்கா." மற்றதையெல்லாம் விட அதுதான் அவனை அறுத்திருக்கிறது.

சரி, பனிப் பாதைக்கு வருகிறேன். பிரதான வீதியை விட்டு ஒரு கிளைப் பாதையில் திரும்பும்போது பஸ்ஸின் பின் சில்லு ஓரத்துப் பனியில் இறங்கிவிட்டது. வழிகாட்டிப் பெண் எவ்வளவு எடுத்தும் அசையவில்லை. பனியை வழிக்கிற பெரிய வாகனம் ஒன்று பின்னால் வந்து நின்றது. அதிலிருந்து கனத்த பூட்ஸும் பளபளக்கும் மேலங்கியுமாக ஓர் ஆள் இறங்கி, கையில் பெரிய டோர்ச்சோடு எங்கள் ஜன்னல் ஒவ்வொன்றாக வெளிச்சம் அடித்துக்கொண்டு வந்தார். எத்தனை பேர் இருக்கிறோம் என்று பார்த்திருக்கிறார், உதவி செய்ய வந்த மனுஷன். என் கை தன்பாட்டில் கைப்பைக்குள் போய் அடையாள அட்டையை எடுத்துவிட்டது. துருவத்தில், பனிக்கு நடுவில், கண்டி மாவட்டம் என்று எழுதிய அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வழிகாட்டிப் பெண் அவரோடு பேசிவிட்டுக் கதவடியில் வந்து, தள்ளிவிட வேண்டும், ஆண்கள் கொஞ்சம் இறங்கி உதவுங்கள் என்று இங்கிலீஷில் சொன்னாள். பின் சீட்டுப் பெண்ணுக்கு அது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. என்னவாம் என்று கேட்டாள். புருஷன் சொன்னான்.

"பிரிமி ஒக்கோம பஹின்னலு."

எல்லா ஆண்களும் இறங்கட்டுமாம். சிங்களத்தில் அந்தக் கடைசி 'லு' என்பது நம்முடைய 'இறங்கட்டுமாம்' என்பதில் வருகிற 'ஆம்' மாதிரி. சொன்னது நானில்லை, இன்னொருவர் சொன்னது என்று அர்த்தம். அந்த ஓர் எழுத்து என் காதில் விழுந்தது. தம்பியின் காதில் விழவில்லை.

அவன் மெதுவாக எழுந்தான். சூடாக இருக்கிறதென்று கழற்றி மடியில் வைத்திருந்த கோட்டையும் கையுறையையும் பார்க்கவே இல்லை. "பையைப் பார்த்துக்கங்க அக்கா" என்றான். அந்தக் குரலைக் கேட்டதும் அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்கு விளங்கிவிட்டது. எட்டிப் பிடித்தேன். அந்த மூட்டை உடுப்புக்குள் இருந்துகொண்டு எங்கே பிடிக்கிறது! படியில் இறங்கினான். டோர்ச் வெளிச்சம் நேரே முகத்தில் அடித்தது. இரண்டு கையையும் தூக்கினான். அடுத்த நிமிஷம் பாதையை விட்டுப் பாய்ந்து, இருட்டுக்குள் போய்விட்டான்.

அந்தக் குளிர் எப்படிப்பட்டதென்றால், மூச்சை இழுத்தால் மூக்குக்குள் இருக்கிற மயிர் உறையும். நுவரெலியாக் குளிரெல்லாம் அதற்கு முன்னால் வெந்நீர். அதில் என் தம்பி கம்பளிச் சட்டையோடு, வெறுங்கையோடு. கோட்டில்லாமல் கொஞ்ச நேரம்தான் தாங்கும் என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். செத்துப் போவான் என்று நினைத்தேன். பாலத்தில் தப்பியவன் பனியில் செத்துப் போவான், அம்மாவுக்கு நான் என்ன சொல்வேன் என்றுதான் ஓடியது.

எல்லாரும் நல்லதுதான் செய்யப் பார்த்தார்கள். நாலு டோர்ச்சுகள் எரிந்தன. பனி வாகனத்துக்காரர் பெரிய குரலில் கூப்பிட்டுக்கொண்டே பனிக்குள் இறங்கப் போனார். பின் சீட்டு ஆள் கையைக் குவித்து வைத்துக்கொண்டு, "மல்லி! மல்லி!" என்று கத்தினார். தம்பி என்றுதான் அர்த்தம். உண்மையான பாசத்தோடுதான் கூப்பிட்டார். ஆனால் இருட்டுக்குள் ஒளிந்திருக்கிறவனுக்கு ஒரு சிங்கள ஆண் குரல் எப்படிக் கேட்டிருக்கும்? பனியில் இன்னும் தூரமாக ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

நான் போய் அந்த மனிதரின் கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். கூப்பிடாதீங்க, கும்பிடுகிறேன், கூப்பிடாதீங்க என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் திகைத்துப்போய் என்னையும் என் கையிலிருந்த அடையாள அட்டையையும் பார்த்தார். எந்த ஊர் என்று மெல்லக் கேட்டார். கண்டி என்றேன். "அபித் நுவர" என்றார். நாங்களும் கண்டிதான். அவர் பெண்சாதி பக்கத்தில் நின்றாள். அவள் கையிலும் ஓர் அடையாள அட்டை இருந்தது. டோர்ச்சைக் கண்டதும் அவளும் எடுத்திருக்கிறாள். அதற்கு மேல் அவர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவைப்படவில்லை. அவரே போய்ப் பனி வாகனத்துக்காரரின் டோர்ச்சை வாங்கி அணைத்தார்.

எனக்கு எப்படித் தோன்றியதோ தெரியாது. வழிகாட்டிப் பெண்ணிடம், முன் விளக்கை அணைத்து, உள் விளக்கு எல்லாவற்றையும் போடச் சொன்னேன். கதவைத் திறந்து வையுங்கள், எல்லாரும் உள்ளே ஏறி உட்காருங்கள், தொப்பியைக் கழற்றுங்கள் என்றேன். பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பை அதட்டுகிற அதே குரலில் சொன்னேன் என்று நினைக்கிறேன். ஒருவர் கூட ஏன் என்று கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து வானத்தில் பச்சை எழும்பத் தொடங்கியிருந்ததாம். அதைப் பார்க்கவென்றே கடல் கடந்து வந்தவர்கள், ஏறி உட்கார்ந்து விளக்கைப் போட்டுக்கொண்டார்கள்.

இப்போது அவன் எங்கே நின்றாலும் பஸ்ஸுக்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். துப்பாக்கி இல்லை, சீருடை இல்லை. கலைந்த தலையோடு கிழவிகளும் கிழவர்களும், அவன் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சிங்களப் பெண்ணும். நான் படியில் நின்று, அந்தப் பயணத்தில் முதல் தடவையாகத் தொண்டை கிழியத் தமிழில் கத்தினேன்.

"பஸ் போகல தம்பி! நிக்குது! உனக்காகத்தான் நிக்குது, வாடா!"

ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். பஸ் போகல, பஸ் போகல என்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. குரல் போய்விட்டது. உள்ளே யாரோ அழுதார்கள். பிறகு பனி மொறுமொறுவென்று மிதிபடுகிற சத்தம். முதலில் ஓர் ஆள் நிழல், பிறகு அவன் முகம். படிக்கட்டுக் கிட்ட வந்து நின்று, உள்ளே ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "நின்னுட்டாங்களா?" என்று கேட்டான்.

நின்றுவிட்டார்கள் என்று தலையை ஆட்டினேன். இழுத்து ஏற்றினேன். விரலெல்லாம் வெள்ளையாக, மரக்கட்டை மாதிரி இருந்தது. அந்தக் கண்டிப் பெண் யாரையும் கேட்காமல் அவன் கை இரண்டையும் தன் கோட்டுக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள். புருஷன் இறங்கிப் போய் மற்ற ஆண்களோடு சேர்ந்து பஸ்ஸைத் தள்ளினார். தம்பியை இறங்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இடது கையில் சின்ன விரல் நுனிக்கு மட்டும் இன்றைக்கும் உணர்ச்சி இல்லை. மற்றபடி தப்பிவிட்டான்.

ஊருக்கு வந்ததும் டீச்சர்மார் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி, அந்தப் பச்சை ஒளி எப்படி இருந்தது என்று. நான் பார்க்கவில்லை. திரும்பி வருகிற வழி முழுக்க வழிகாட்டிப் பெண் உள் விளக்கை அணைக்கவே இல்லை. ஜன்னல் கண்ணாடியில் எங்கள் முகங்கள்தான் தெரிந்தன. அதற்காக அந்த பஸ்ஸில் ஒருவர் கூட முணுமுணுக்கவில்லை.

இப்போது பாலத்தில் சோதனைச் சாவடி இல்லை. தினமும் அதைத் தாண்டித்தான் கண்டிக்குப் போகிறேன். பஸ் கிளம்பும்போது பின்னால் யாராவது ஓடி வருவதைக் கண்டால், அது யாராக இருந்தாலும், "கொஞ்சம் நில்லுங்க, ஆள் வருது" என்று இரண்டு பாஷையிலும் கத்துகிறேன். கொண்டக்டருக்கு என்னைக் கண்டாலே எரிச்சல். எரிச்சல்படட்டும், ஒரு மனிதனுக்காக பஸ் நின்றால் அவன் திரும்பி வருவான் என்பதை என் கண்ணாலேயே பார்த்தவள் நான்.