கொக்கி இறங்க மறுத்த நாள்

அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. கட்டட வேலை நடக்கும் அந்த இடத்தில் எல்லாருக்கும் அவர் கொக்கி. இருபத்தாறு வருஷமாகக் கிரேனின் உச்சியில், ஒரு ஆள் உட்காருகிற கண்ணாடிக் கூண்டுக்குள் அவர் குடித்தனம். டன் கணக்கான கம்பிக்கட்டைப் பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போகிற மாதிரி அலுங்காமல் கொண்டுபோய் இறக்குவார்.

பதினோரு நாளைக்கு முன்னால் அவர் தாத்தா ஆனார். பேத்தி பிறந்தது தூரத்தில், மகள் இருக்கும் ஊரில். இன்னும் நேரில் பார்க்கவில்லை. போனில் பார்த்ததற்கே மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. எதிரே வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "மூக்கைப் பாரு, அப்படியே என் மூக்கு" என்று காட்டிக்கொண்டிருந்தார். "அந்த மூக்கா? பாவம் பாப்பா" என்றார்கள். அதற்கும் சிரித்தார். மகள் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி அனுப்பியிருந்தாள். வெயில் கூசாத உசத்தி ரகம். பேத்தி கொடுத்தது என்று சொல்லிக்கொண்டு, வெயில் ஏறினதும் அதைப் போட்டுக்கொள்வார்.

அதே வாரம்தான் கூண்டுக்குள் பழைய முள் மீட்டரைக் கழற்றிவிட்டு எல்சிடி திரை மாட்டினார்கள். தூக்குகிற எடை, கிரேன் கையின் நீளம், காற்றின் வேகம், எல்லாம் கலரில் வந்தது. கொக்கிக்குப் பிடித்துத்தான் இருந்தது. முள் ஆடிக்கொண்டே இருக்கும், நாமாக ஒரு கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். இது பளிச்சென்று எண்ணைச் சொன்னது.

ஆனால் பத்து மணி வெயிலில் திரை கறுத்துப்போனது. எடை தெரியாமல் தூக்கக் கூடாது. வேலையை நிறுத்தி, வாக்கிடாக்கியில் சொன்னார். மறுநாள் விடிந்ததும் திரை மாட்டிய பெண் ஏறிப் பார்த்தாள். அப்போது வெயில் இல்லை. திரை ஜம்மென்று எரிந்தது. அவள் இறங்கிப் போனாள். பத்து மணிக்கு மறுபடி கறுத்தது.

மூன்றாம் நாள் காலை பாதுகாப்பு அதிகாரி அவரைக் கூப்பிட்டார். மகன் வயசுதான் இருக்கும்.

"பெரியவரே, திரையில ஒண்ணும் கோளாறு இல்லயாம். மேல போனா உங்களுக்குத்தான் கண்ணு இருட்டுது."

"போன மாசம்தானே கண்ணைப் பரிசோதிச்சீங்க? கடைசி வரி வரைக்கும் படிச்சேனே சார்."

"அது தரையில. இன்னைக்கு சாயங்காலத்தோட கிரேன் போதும். நாளையிலேர்ந்து கேட்ல உக்காருங்க. இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்து."

"கேட்லயா? கேட்டைத் தூக்கி எங்க வைக்கணும்?"

கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டார். வீறாப்பாகத்தான் வந்தார். ஆனாலும், பேத்தி பிறந்த மாதமே தாத்தா கூண்டை விட்டு இறங்கினார் என்று இருக்க வேண்டுமா?

மதியம் மணல் குவியல் ஓரம் உட்கார்ந்திருந்தபோது மகள் வீடியோவில் வந்தாள்.

"அப்பா, பாப்பா சோம்பல் முறிக்கிறா. போனைப் படுக்கவச்சுப் பாருங்க, முழுசா தெரிவா."

போனைப் படுக்கவைத்தார். பேத்தி மறைந்து ஒரே இருட்டாகிவிட்டது.

"ஏம்மா கட் பண்ணிட்டே?"

"நான் எங்க கட் பண்ணேன்? நீங்க நல்லாத் தெரியறீங்க. அந்தக் கண்ணாடியைக் கழட்டுங்கப்பா, பாப்பா பயந்துரப்போறா."

கழற்றினார். பேத்தி கையை விரித்துக்கொண்டு கிடந்தாள். போட்டார். இருட்டு. போட்டபடியே கோழி மாதிரி தலையைச் சாய்த்தார். பேத்தி வந்தாள்.

"அப்பா, கழுத்துல சுளுக்கா?"

"இல்லடி தங்கம். உன் மகளுக்கு மூக்கு மட்டுமில்ல, மூளையும் என்னுதுதான்."

விடுவிடுவென்று நூற்று எண்பது படியும் ஏறினார். கூண்டுக்குள் உட்கார்ந்து வாக்கிடாக்கியை எடுத்தார். அதில் பேசினால் மொத்த இடத்துக்கும் கேட்கும்.

"சார், கையெழுத்துப் போடறேன். ஆனா நான் கீழ இறங்க மாட்டேன். பேப்பரை எடுத்துக்கிட்டு நீங்க மேல வாங்க."

அதிகாரி ஒருநாளும் ஏறினதில்லை. யாரோ கம்பி கட்டுகிறவர் ஊடே புகுந்து, "சார் இன்னும் ஷூ நாடா கட்டறாரு" என்றார். பத்துப் பேர் சிரித்தார்கள். அதற்கப்புறம் ஏறாமல் இருக்க முடியுமா?

வியர்த்து விறுவிறுத்து, கூண்டின் கதவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார் அதிகாரி. திரையில் எண்கள் பளிச்சென்று இருந்தன.

"நல்லாத்தானே தெரியுது" என்றார் மூச்சு வாங்க.

"வெயில் கூசுது பாருங்க, இதைப் போட்டுக்குங்க" என்று கொக்கி கறுப்புக் கண்ணாடியை நீட்டினார்.

அதிகாரி போட்டார். திரையைப் பார்த்தார். கதவை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"திரை அணைஞ்சிருச்சே."

"உங்களுக்கும் வயசாயிருச்சா சார்? கேட்ல ரெண்டு நாற்காலி போடச் சொல்லட்டுமா?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், தலையைச் சாய்த்தார். பிறகு திரை மாட்டிய பெண்ணுக்குப் போன் போட்டார். அவள் சிரித்தது கொக்கிக்கே கேட்டது.

"எல்சிடி வெளிச்சம் ஒரே வாட்டத்துலதான் சார் வெளிய வரும். அந்த ரகக் கண்ணாடியும் ஒரு வாட்டத்து வெளிச்சத்தைத்தான் உள்ள விடும். ரெண்டும் குறுக்கால நின்னா இருட்டுதான். அவர் கண்ணாடி போடறது எனக்குத் தெரியாதே."

அதிகாரி பேப்பரை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் செருகினார்.

"கூண்டுல கறுப்புக் கண்ணாடி போடக் கூடாதுன்னு எழுதி ஒட்டிடறேன் அண்ணே."

காலையில் பெரியவர், இப்போது அண்ணன். கொக்கி கவனித்தார், ஆனாலும் விடவில்லை.

"ஒட்டுங்க. கண்டுபிடிச்சது பதினோரு நாள் குழந்தைன்னு கீழ ஒரு வரி சேர்த்து எழுதுங்க. அதை எழுதினாத்தான் ஒட்ட விடுவேன்."

அதிகாரி தலையாட்டிவிட்டு, காலால் முதல் படியைத் தேட ஆரம்பித்தார். கொக்கி தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த கம்பிக்கட்டைத் தூக்கினார்.