வரைபடத்தில் இருந்த வழி

ஒரகடம் பக்கத்தில் வழி கேட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காட்டித்தான் சொல்வார்கள். விளாத்திகுளத்துக்குத் தெற்கே எங்கள் கரிசல் காட்டில் மறைப்பு ஒன்றும் கிடையாது. "அந்தா தண்ணித் தொட்டி தெரியுதுல்லா, அங்கன இருந்து மேக்க" என்று முகவாயைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே வேலைக்கு வந்த முதல் நாள், வாடகைக்கு அறை தந்த காந்தா அக்கா போனில் சொன்னது இது: "ஏரிக்கர மேலயே வந்துகினு இரு. கெணத்தாண்ட லெப்ட்ல திரும்புனா நம்ம வூடு." பையைத் தூக்கிக்கொண்டு அலைந்து பார்த்தேன். கிணறே இல்லை. ஒரு குடோனின் மதில்தான் நீண்டுகொண்டே போனது. கடைசியில் அக்காவே வந்து அழைத்துப் போனார். கிணறு எங்கே என்று கேட்டதற்கு மதிலைக் காட்டினார். "தோ, இங்கதான் கீது." கீது என்றால் இருக்கிறது என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. புரிந்த பிறகும் அந்தப் பதிலை என்ன செய்வதென்று தெரியவில்லை.

என்னோடு அறையில் இருந்தவள் மாரிச்செல்வி, சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டும் கம்பெனியில் இருவரும் ஒரே லைன். கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் தூங்குவார்கள்; அவள் மட்டும் ஜன்னலில் ஒரு கண்ணும் போனில் இருக்கும் வரைபடத்தில் ஒரு கண்ணுமாக வருவாள். வாராந்தர விடுமுறை வந்தால் என்னை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். எந்தப் பஸ் முதலில் வருகிறதோ அதில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்குவோம். வாலாஜாபாத்துக்கு அப்பால் பெயர் தெரியாத ஊர்களில் டீ குடித்திருக்கிறோம். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நின்று, "நம்மூர்க் கம்மா எல்லாத்தையும் இதுக்குள்ள கொட்டலாம் போலுக்கே" என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் அவளைப் பக்கத்துத் தெருவுக்குத் தனியாக அனுப்ப மாட்டார்களாம். "இங்கதான் எனக்குக் கால் மொளச்சிருக்கு" என்பாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. இங்குள்ள தூசி அதை அதிகமாக்கியது. பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இன்ஹேலரை இரண்டு முறை அழுத்தினாள், மூன்றாவது முறை காற்றுதான் வந்தது. உதடு கறுத்தது. ஆம்புலன்சுக்குப் போன் செய்து, கேட்டபடியே நாங்கள் இருக்கும் இடத்தை வரைபடத்தில் அனுப்பினேன். அந்த வரைபடத்தில் மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு நேராக ஒரு வழி இருந்தது. டிரைவர் அதையே நம்பி வந்தார். சைரன் சத்தம் நெருங்கியது. "வந்துட்டாங்க, வந்துட்டாங்கட்டி" என்று மாரிச்செல்வியின் நெஞ்சைத் தடவிக்கொண்டே சொன்னேன். சத்தம் மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டது. வரைபடத்தில் இருந்த வழியின் மேல்தான் குடோன் நின்றது.

காந்தா அக்கா போனைப் பிடுங்கினார். "நேரா வர முடியாதுபா. சுத்திகினு ஏரிக்கர மேல ஏறு. கெணத்தாண்ட திரும்பு."

டிரைவர் சேலத்துப் பக்கம் போல. "எந்தக் கெணறுங்கம்மா? இங்க கெணறே காணோமுங்களே."

"எங்க கெணறுபா" என்றார் அக்கா. அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

வண்டி திருப்பத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. அக்கா செருப்பில்லாமல் ஏரிக்கரைக்கு ஓடி, கையை வீசி நிறுத்தினார். மாரிச்செல்வியை ஏற்றியபோது என் விரலைப் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பிடி இல்லை.

உடலோடு நானும் அவள் ஊருக்குப் போனேன். எல்லாம் முடிந்த மறுநாள், அவளுடைய அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார்: "அந்த எடம் எப்படித்தா இருக்கும்? புள்ள கடைசியா இருந்த எடம் என் கண்ணுக்குள்ள வரமாட்டேங்கு." ராஜபாளையத்தைத் தாண்டிப் போயிராதவர். ஒரகடம் என்றேன், கம்பெனி என்றேன், ஏரி என்றேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். ஒன்றும் போய்ச் சேரவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. வரைந்து கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அதன்பிறகு விடுமுறை நாட்களில் தனியாக நடக்க ஆரம்பித்தேன். கையில் ஒரு நோட்டு. எந்தத் தெரு எங்கே முட்டுகிறது, ஏரிக்கரையில் வண்டி எங்கே ஏறலாம் என்று காலால் அளந்தேன். குடோன் வாசலில் ஒரிசாக்காரக் காவலாளி, "க்யா சாஹியே?" என்று, என்ன வேண்டும் எனக் கேட்டு மறித்தார். "வழி" என்றேன். அவர் பரிதாபமாகப் பார்த்து, "வேலை நஹி, வேலை நஹி" என்று கையை விரித்தார். இங்கே நோட்டோடு நடக்கும் பெண்ணுக்கு வேறு என்ன வேண்டியிருக்கும் என்று நினைத்தாரோ. அந்த வாசலில் நின்றபோதுதான் உறைத்தது: ஆம்புலன்ஸ் நின்றது இங்கே. மதிலுக்கு மேலே எங்கள் மொட்டைமாடிக் கொடியில் காய்ந்த என் சுடிதார் தெரிந்தது. அவ்வளவு கிட்டே. இப்போதும் அந்தச் சாலையில் சைரன் போனால் நான் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவேன். சத்தம் நிற்காமல் கடந்து போன பிறகே எடுப்பேன்.

ஒருநாள் காந்தா அக்கா தானாகவே கூட வந்தார். மதிலோரமாக நடந்துகொண்டிருந்தோம். "இந்த வழியும் கெணறும் எங்க பட்டா நெலத்துல இருந்ததுமா" என்றார். "மெயின் ரோட்டுக்கு நடந்தே அஞ்சு நிமிசம். குடோனுக்குக் கேட்டாங்கோ. எல்லாரும் குடுத்தாங்கோ, நாங்களும் கையெழுத்து போட்டோம். அன்னிக்கி அந்த வழி இருந்துருந்தா அந்தப் பொண்ணு..." உங்கள் தப்பில்லை அக்கா என்று நான் சொல்லியிருக்கலாம். நோட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அதை நினைத்து இன்றைக்கும் வருந்துகிறேன்.

அன்று சாயங்காலமே போன் வரைபடத்தில் அந்த வழி இல்லை என்று திருத்தம் அனுப்பினேன். ஏரிக்கரைத் திருப்பத்தையும் குறித்தேன். பல வாரங்கள் கழித்து, திருத்தம் ஏற்கப்பட்டதாகச் செய்தி வந்தது. ஓடிப்போய் அக்காவிடம் காட்டினேன். அவர் கண்ணருகே வைத்து, கட்டை விரலால் தள்ளித் தள்ளித் தேடினார்.

"எங்க வழி எங்கமா? இதுல இருந்துச்சே."

"எடுத்துட்டாங்கக்கா. இனிமே யாரும் தப்பா வரமாட்டாங்க."

"இன்னா பண்றது, நல்ல வேலதான் செஞ்சிகீற" என்று போனைத் திருப்பித் தந்தார். பிறகு உள்ளே போய்விட்டார். செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வழி கடைசியாக மிச்சமிருந்த அந்த வரைபடத்திலிருந்தும் அதை எடுத்தது என் விரல்தான். மாரிச்செல்வியின் அம்மாவுக்கு வரைந்த தாளில் அதைப் புள்ளி புள்ளியாகப் போட்டேன்.

பொங்கல் விடுமுறையில் அந்தத் தாளைக் கொண்டுபோனேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. வீட்டுத் தரையில் விரித்து, அவர் விரலைப் பிடித்து அறையிலிருந்து ஏரிக்கரைக்கும், ஏரிக்கரையிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கும் நகர்த்தினேன். அறை இருந்த சதுரத்தில் விரலை எடுக்காமல் வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு, "இதுல நம்ம வீடு எங்கன இருக்கு?" என்று கேட்டார்.

"இதுல வராதும்மா. தெக்க, தாளுக்கு வெளிய, ரொம்பத் தூரம்."

"தெக்குன்னா தாளுல எந்தப் பக்கம்?"

கீழ் ஓரத்தைக் காட்டினேன். அவர் எழுந்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு, அந்த ஓரத்துக்குக் கீழே தரையில் போய் உட்கார்ந்தார். "அப்ப நான் இங்கன இருக்கேன். நீயும் உக்காருத்தா" என்றார்.

அறைப் பக்கமா, அம்மா பக்கமா, எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் நான் நின்றுகொண்டே இருந்தேன்.